ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எழும் கீச்சொலி: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

வண்டியை எடுத்துக் கிளம்பும்போது, ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்தியதுமே பானட்டுக்குள்ளிருந்து காதைத் துளைக்கிற ஒரு கீச்சொலி. வேகம் நிலைப்பட்டதும் அடங்குகிறது. அடுத்த சிக்னலில் கிளம்பும்போது மறுபடி எழுகிறது. இந்த மாதிரிச் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: என்ஜினின் ஓரத்தில் சுற்றுகிற பெல்ட் தன் புல்லியின் மேல் வழுக்குகிறது.

இது பலருக்கும் தெரியும். அதனால்தான் முதல் வேலையாகப் புது பெல்ட் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சத்தம் நிற்கிறது, சில வாரங்களில் திரும்பி வருகிறது. பெல்ட் காரணமில்லாமல் வழுக்குவதில்லை. டென்ஷன் தளர்ந்திருக்கலாம், மேலிருந்து ஆயில் கசிந்து சொட்டியிருக்கலாம், ஏதோ ஒரு புல்லியின் பேரிங் இறுகத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புது பெல்ட்டும் சீக்கிரமே பாழாகும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில். ஸ்பேனர் எடுப்பது பிறகு. கடைக்குப் போவது கடைசியில்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் அடிப்படை

என்ஜினின் கிராங்க் புல்லி சுற்றும்போது அதில் மாட்டிய பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. பல கார்களில் வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், பழைய வகை ஆயில் பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் பம்ப் எல்லாமே இதே பெல்ட்டிலோ பக்கத்துப் பெல்ட்டிலோ ஓடுகின்றன. ரேடியேட்டர் ஃபேன் இன்று மோட்டாரில் ஓடினாலும், உதிரிபாகக் கடையில் இந்தப் பெல்ட்டை இன்னும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்வார்கள்; அப்படியே கேளுங்கள்.

ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது. அதனால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு, மூன்று சுற்று சுற்றுகிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அதன் கனமான ரோட்டரை ஒரு நொடிக்குள் பெரிய வேகத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டிய சுமை பெல்ட்டின் மேல் விழுகிறது. பிடிப்புப் போதாவிட்டால் அந்த நொடியில் பெல்ட் வழுக்கும், கத்தும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டிருந்தால் சுமை இன்னும் கூடும்.

பானட்டைத் திறப்பதற்கு முன்

ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் செய்யும் வேலை இது. இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

1. வேட்டி, துண்டு, துப்பட்டா, தொங்குகிற சட்டைக் கை எதுவும் வேண்டாம். மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்கள். நீண்ட கூந்தலைக் கொண்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

2. வண்டி சமதரையில் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரலில்; ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்.

3. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். வண்டியை வெளியே கொண்டுவந்து வேலை செய்யுங்கள்.

4. பெல்ட்டையும் புல்லியையும் கையால் தொடும் எந்த வேலையையும் என்ஜின் ஆறிய பிறகு, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன், என்ஜின் அணைந்த பிறகும் திடீரென்று சுற்றத் தொடங்கும்.

5. என்ஜின் ஓடும்போது பெல்ட் சுற்றும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். அறுந்தால் அது அந்தத் திசையில்தான் வீசும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

எச்சரிக்கை: ஆரஞ்சு நிற ஒயர் ஓடும் ஹைபிரிட் வண்டிகளில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் வகையில், சிக்னலில் அணைந்த என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும் இந்தப் பெல்ட்தான். அதன் டென்ஷன் ஏற்பாடு வேறு. கேட்டுக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, பழுதுபார்ப்பைச் சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள்.

முதல் கேள்வி: சத்தம் என்ஜினிலா, சக்கரத்திலா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உதவிக்கு ஒருவரைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள்.

1. காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது தொடங்குங்கள். சூடேறிய பிறகு பல கீச்சொலிகள் மறைந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சத்தமே வராமல் போவது இதனால்தான்.

2. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் ஒரு நிமிடம் ஓடட்டும். சத்தம் உண்டா என்று கேளுங்கள்.

3. உள்ளே இருப்பவரை மெதுவாக ரேஸ் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்.பி.எம். முள் இருந்தால் 2,500 வரை போதும். பிறகு சட்டென்று ஒரு ரேஸ், உடனே விட்டுவிட வேண்டும்.

4. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி மறுபடி ரேஸ். அடுத்து ஏசி. ஏசி கம்ப்ரசர் "டக்" என்று பிடிக்கும் அந்த நொடியில் கீச்சென்றால், கம்ப்ரசரைச் சுற்றும் பெல்ட்டில் பிடிப்புக் குறைவு.

5. ஆயில் பவர் ஸ்டியரிங் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிப் பாருங்கள். கடைசி எல்லையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்; பம்ப் சூடாகிவிடும்.

நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்கும்போதே சத்தம் வந்தால் அது என்ஜின் பக்கம். அடுத்த பகுதிக்குப் போங்கள். நின்றால் வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் பெல்ட்டைத் தொடவே வேண்டாம். "நின்றால் வராது, ஓடினால் வரும்" என்ற தலைப்புக்குத் தாவுங்கள்.

குறிப்பு: ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் மட்டும் கத்தி அடங்குகிறதா? பேட்டரியையும் சந்தேகியுங்கள். வலுவிழந்த பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்கிறது. சுமை கூடி, கொஞ்சம் தளர்ந்த பெல்ட்டும் வழுக்கிவிடுகிறது. மல்டிமீட்டர் இருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளை அளந்து பாருங்கள். நன்றாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வரை.

சத்தத்தின் குணம்

காது பழகினால் சத்தமே பாதி சொல்லிவிடும்.

நீளமாக இழுத்து, ரேஸ் கூடக் கூட உரக்கக் கேட்பது வழுக்கல். டென்ஷன், எண்ணெய்ப் பிசுக்கு, இறுகிய புல்லி ஆகிய மூன்றில் ஒன்று.

"கிச் கிச் கிச்" என்று சிட்டுக்குருவி போல விட்டு விட்டு வருவதும், ரேஸ் ஏறினால் குறைந்துவிடுவதும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததன் அடையாளம். பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் காடிக்குள் உரசிக்கொண்டு இறங்குகிறது.

கரகரவென்று அரைப்பது போலவோ, ஊளையிடுவது போலவோ இருந்து, ஏசி போட்டாலும் அணைத்தாலும் மாறாமல் ஓடுவது பேரிங். ஊளை ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கூடினால் முதலில் பவர் ஸ்டியரிங் ஆயில் அளவைப் பாருங்கள்.

உஸ்ஸென்ற விசிலும் கூடவே இழுவைக் குறைவும், டீசல் என்றால் கரும்புகையும் சேர்ந்தால் அது பெல்ட்டே அல்ல. டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாய் கிழிந்திருக்கும், அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கும். குளிர்ந்த என்ஜினில் ரேஸ் கொடுத்தால் "டிக் டிக்" என்று கேட்டு, சூடேறியதும் குறைவது சைலன்சர் மேனிஃபோல்டின் பேக்கிங் கசிவு.

மழைநாள் காலையில் இரண்டொரு விநாடி கீச்சென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஈரம் காய்ந்ததும் பெல்ட் பிடித்துக்கொள்ளும். பத்து, இருபது விநாடி தொடர்ந்து கத்தினால் மழை ஒரு சாக்குதான்; தளர்வு ஏற்கெனவே இருந்திருக்கிறது.

கண்ணால் பார்ப்பது

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டு பாருங்கள். பெல்ட்டின் உள்பக்கம்தான் முக்கியம்; வெளிப்பக்கம் புதிதுபோலவே இருந்து ஏமாற்றும். விரல் நுழையாத இடத்தில் செல்போனைத் திணித்து வீடியோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்ல வழி.

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஒற்றைக் காடியில் உட்காரும் வி-பெல்ட் இருக்கும். இது தன் இரு பக்கச் சுவர்களால்தான் புல்லியைப் பிடிக்கிறது. காடியின் அடியைத் தொடக் கூடாது. புல்லிக் காடியின் அடிப்பகுதி பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட் மெலிந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் கத்தும், மாற்றத்தான் வேண்டும். பக்கச் சுவர்கள் கண்ணாடிபோல மின்னினாலும் அதே முடிவுதான்.

இன்றைய கார்களில் பல வரிகள் கொண்ட அகலப் பெல்ட். பழைய வகை ரப்பரில் வெடிப்புகளைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். ஓர் அங்குல நீளத்துக்குள் மூன்று குறுக்கு வெடிப்புகள் தெரிந்தால் மாற்றுங்கள். இப்போது பரவலாக வருகிற இ.பி.டி.எம். ரப்பர் அப்படி எளிதில் வெடிப்பதில்லை, வெடிக்காமலே தேய்கிறது. வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் அகன்று, கூர்மை போய், வட்டமாகிவிடும். வெடிப்பில்லை, எனவே நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்தப் பெல்ட்டில் அதிகமாக நடக்கிற தவறு. கடையில் அதே எண்ணுள்ள புதுப் பெல்ட்டைக் கேட்டு வாங்கி, வரிகளை விரலால் தடவி ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இவற்றையும் கவனியுங்கள்:

• ஓரம் பிரிந்து நூல் தொங்குகிறதா? புல்லி நேர்கோட்டில் இல்லை.
• ஒரு வரி முழுதாக உரிந்திருக்கிறதா, காடியில் கல் துணுக்குச் சிக்கியிருக்கிறதா?
• ஆயிலோ கூலன்டோ பட்டுப் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் மேலே பாருங்கள். டாப்பெட் கவர் பேக்கிங்கில் கசியும் ஆயிலும், வாட்டர் பம்பிலிருந்து வழியும் கூலன்டும் வழக்கமான ஆசாமிகள். கசிவை அடைத்த பிறகே புதுப் பெல்ட்.

எச்சரிக்கை: பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட் வேறு. அதில் ஒரு பல் இடம் மாறினாலும், பல என்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி என்ஜினே கெட்டுவிடும். அந்த மூடியைத் திறக்காதீர்கள்.

தண்ணீர்ச் சோதனை

ஒரு ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

1. சத்தம் வரும் நிலையில் என்ஜின் ஐடிலிங்கில் ஓடட்டும். தேவையென்றால் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுச் சத்தத்தை வரவழையுங்கள்.

2. பக்கவாட்டில் நின்று, கையைப் பெல்ட்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைத்து, பெல்ட்டின் உள்பக்க வரிகளின் மேல் இரண்டு மூன்று முறை பீய்ச்சுங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் அடிக்காதீர்கள்.

3. அடுத்த பத்து விநாடி காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சத்தம் கூடினால்: டென்ஷன் போதவில்லை. ஈரத்தில் இன்னும் அதிகமாக வழுக்குகிறது.

சத்தம் நின்று, காய்ந்ததும் அதே அளவில் திரும்பினால்: புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது வரிகள் தேய்ந்துவிட்டன. இந்த வண்டியில் டென்ஷனை ஏற்றுவது மருந்தாகாது.

எந்த மாற்றமும் இல்லையென்றால்: சத்தம் பெல்ட்டின் ரப்பரிலிருந்து வரவில்லை. பேரிங்கைத் தேடுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாக டபிள்யூ.டி.-40 போன்ற எண்ணெய்த் திரவத்தை அடித்துவிடாதீர்கள். சத்தம் அப்போதைக்கு அடங்கும். எண்ணெய் ரப்பரில் ஊறி, அடுத்த வாரம் முன்னைவிடப் பெரிதாகக் கத்தும். பெல்ட் டிரெஸிங் என்று டப்பாவில் விற்கும் ஒட்டும் திரவம், சோப்புக் கட்டி, முகப் பவுடர் இவையும் அப்படித்தான். தூசியை இழுத்துக் காடிக்குள் பசையாக்கும். அதைவிட மோசம், காரணத்தை உங்கள் காதுக்கு மறைத்துவிடும்.

டென்ஷனைச் சரிசெய்வது

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஏற்பாடு என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரின் ஒரு காது நீள்வட்டத் துளையுள்ள பட்டையில் மாட்டப்பட்டிருந்தால் கையால் சரிசெய்யும் வகை. ஸ்பிரிங் கையோடு ஒரு புல்லி பெல்ட்டை அழுத்திக்கொண்டிருந்தால் ஆட்டோ டென்ஷனர். இரண்டும் இல்லையா? இழுத்து மாட்டும் ஸ்ட்ரெச் பெல்ட்டாக இருக்கலாம். அதற்கு டென்ஷன் வைக்க வழியே கிடையாது. தளர்ந்தால் மாற்ற வேண்டும், மாட்டத் தனிக் கருவி வேண்டும். அதைக் கடையில் செய்யச் சொல்லுங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் இறுதி. அது கையில் இல்லாவிட்டால், இரண்டு புல்லிகளுக்கு இடையே மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுங்கள். 6 முதல் 10 மி.மீ. இறங்கினால் சரி. 10 கிலோ அழுத்தம் எப்படி இருக்கும் என்று தெரிய, வீட்டில் உடல் எடை பார்க்கும் எந்திரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி முள்ளைப் பாருங்கள். நினைப்பதைவிட அதிக பலம் வேண்டியிருக்கும்.

கையால் சரிசெய்யும் வகையில் வேலை வரிசை இது:

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 ஸ்பேனர். ஆல்டர்னேட்டரின் பின்னால் வரும் தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கிறது. ஸ்பேனர் அதைத் தொட்டு பாடியிலும் பட்டால் பொறி பறக்கும்.

2. ஆல்டர்னேட்டர் ஊஞ்சலாடும் அச்சு போல்ட், பட்டையில் உள்ள பூட்டு போல்ட் இரண்டையும் கண்டுபிடியுங்கள். 12 அல்லது 14 ஸ்பேனர் பொருந்தும். இரண்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள்; கழற்ற வேண்டாம். அச்சு போல்ட்டைத் தளர்த்தாமல் நெம்பினால் ஆல்டர்னேட்டரின் காது உடையும்.

3. சரிசெய்யும் திருகு இருந்தால் அதைச் சுற்றுங்கள். இல்லையென்றால் உறுதியான மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து, ஆல்டர்னேட்டரின் முன்பக்கத்துத் தடித்த வார்ப்பில் அழுத்தம் கொடுத்து வெளியே தள்ளுங்கள். பின்மூடியிலோ, ரேடியேட்டரிலோ, பிளாஸ்டிக் டேங்கிலோ முட்டுக் கொடுக்காதீர்கள்.

4. அப்படியே பிடித்துக்கொண்டு பூட்டு போல்ட்டை முதலில் இறுக்குங்கள். பிறகு அச்சு போல்ட்.

5. கட்டைவிரல் அளவைப் பாருங்கள். பேட்டரியை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டி, அணைத்து, ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

இங்கே பலரும் செய்வது அளவுக்கு மீறி இறுக்குவது. சத்தம் நிற்கிறது என்று மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த இழுப்பு முழுவதும் ஆல்டர்னேட்டர் பேரிங் மேலும் வாட்டர் பம்ப் பேரிங் மேலும் விழுகிறது. மாருதி 800-இல் இரண்டையும் ஒரே பெல்ட் சுற்றுவதால் ஒரு தவறு இரண்டு பாகங்களைத் தின்கிறது. வாட்டர் பம்ப் போனால் கூலன்ட் போகும், என்ஜின் கொதிக்கும். கட்டைவிரல் அளவு சரியாக வரும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம். சரியான அளவில் இறுக்கியும் கத்தினால் விடை டென்ஷனில் இல்லை.

ஆட்டோ டென்ஷனரில் இறுக்குவதற்கு எதுவும் இல்லை. என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அதன் கையைப் பாருங்கள்: லேசாக அதிர்வது இயல்பு. தாறுமாறாகத் துள்ளினாலும், அசைவே இல்லாமல் துருவேறி நின்றாலும் டென்ஷனரை மாற்ற வேண்டும். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் பெல்ட் அலைபாய்வதும் புல்லி ஆடுவதும் தெளிவாகத் தெரியும். மெக்கானிக்கிடம் காட்டவும் அது உதவும்.

பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைச் சுற்றிப் பார்ப்பது

தண்ணீரில் மாற்றமில்லை, அல்லது டென்ஷன் சரியாக இருந்தும் கத்துகிறது என்றால் இதுதான் அடுத்த படி. பெல்ட் மாற்றும் வேலைக்கும் இதே வரிசை.

1. பெல்ட் போகும் பாதையை இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள். பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் வரைபடம் இருந்தாலும் எடுங்கள்.

2. டென்ஷனைத் தளர்த்துங்கள். ஆட்டோ டென்ஷனர் என்றால் நீளப் பிடியுள்ள ஸ்பேனரை அதன் போல்ட்டிலோ சதுரத் துளையிலோ மாட்டி மெதுவாகத் திருப்பி, பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து நழுவவிடுங்கள். ஸ்பேனரைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் விரலை நசுக்கும்.

3. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். ஓசையில்லாமல் வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரப்பு, ஓரிடத்தில் பிடிப்பு, முன்னும் பின்னும் ஆட்டம் எதுவும் கூடாது. பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் உள்ள ஐட்லர் புல்லி, சுண்டிவிட்டதும் நெடுநேரம் விர்ரென்று சுற்றினால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது.

4. வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ, அடியில் காய்ந்த கூலன்ட் கறையோ இருந்தால் பம்ப் மாற்றும் நேரம்.

5. சில வண்டிகளின் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறுதிசையில் தானாகச் சுற்றும் வகை. இருதிசையிலும் இறுகிப் பிடித்துக்கொண்டால் பெல்ட் துள்ளும், கீச்சென்னும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் புல்லியை மட்டும் மாற்றித் தருவார்.

6. நேரான ஸ்டீல் ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்து ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரைச் சமீபத்தில் கழற்றி மாட்டியிருந்தால் ஒரு வாஷர் விடுபட்டதே போதும், கோடு மாறிவிடும்.

பெல்ட் இல்லாமல் என்ஜினை ஓட்டிச் சத்தம் நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் அந்த நேரம் முழுவதும் கூலன்ட் சுற்றாது.

புதுப் பெல்ட் மாட்டுவது

பழைய பெல்ட்டின் முதுகில் எண் இருக்கும். "4பிகே 850" என்றால் நான்கு வரி, 850 மி.மீ. நீளம். எண் அழிந்திருந்தால் வண்டியின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா, ஏசி உண்டா என்று சொல்லி வாங்குங்கள். பழைய பெல்ட்டை நூலால் அளந்து வாங்காதீர்கள். அது தளர்ந்த நீளம்.

1. புல்லிக் காடிகளை உலர்ந்த நைலான் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் துணியில் பிரேக் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். பெல்ட்டின் மேல் எந்தத் திரவமும் வேண்டாம்.

2. படத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றி, கை எளிதில் எட்டும் வழவழப்பான புல்லியைக் கடைசிக்கு வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளிருக்கும் நூலிழை அறுந்துவிடும். வெளியே தெரியாது, நெடுஞ்சாலையில் தெரியும்.

3. ஒவ்வொரு புல்லியிலும் விரலை ஓட்டி, எல்லா வரிகளும் காடிக்குள் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வரி ஓரத்தில் வெளியே தொங்கினால் புதுப் பெல்ட் கொஞ்ச நேரத்திலேயே கிழிந்துவிடும். புது பெல்ட் மாட்டியதும் கத்துகிறது என்று வருபவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

4. டென்ஷன் வைத்து, பேட்டரி முனையைக் கழற்றியிருந்தால் மாட்டி, ஸ்டார்ட் செய்து இரண்டு விநாடியில் அணையுங்கள். மறுபடி காடிகளைப் பாருங்கள். பிறகே தொடர்ந்து ஓட்டுங்கள்.

5. கையால் இறுக்கும் வகையில் புது பெல்ட் முதல் சில நூறு கி.மீ.க்குள் கொஞ்சம் தளரும். அப்போது ஒருமுறை கட்டைவிரல் அளவைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நின்றால் வராது, ஓடினால் வரும்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக், சக்கர வேலைகள் தனி அத்தியாயத்துக்கு உரியவை.

வண்டியின் வேகத்தோடு கூடி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் மாறினாலோ நின்றாலோ, அது பிரேக் பேடின் தேய்மானத் தகடு டிஸ்க்கில் உரசுவது. தள்ளிப்போடாமல் பேடை மாற்றுங்கள். கிரஷர் ஜல்லி கொட்டிய சாலையில் போய்வந்த பிறகு திடீரென்று பயங்கரமாகக் கத்தினால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கும். சமதரையில் மெதுவாகப் பின்னே கொஞ்சம், முன்னே கொஞ்சம் நகர்த்தினால் சில நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுக்க வேண்டும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடும் ஊளை, சக்கர பேரிங். கிளட்ச்சை மிதிக்கும்போது எழுந்து விட்டதும் நிற்பது, கிளட்ச் ரிலீஸ் பேரிங். வணிக வளாகங்களின் வழவழப்பான அடித்தளப் பார்க்கிங்கில் மட்டும் கிளம்பும்போது கிறீச்சிட்டால் அது டயர், வண்டியில் பழுதில்லை.

எப்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும்

லேசான கீச்சொலியோடு மெக்கானிக் கடை வரை போகலாம். ஆனால் சத்தத்தோடு ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் ஓரம் கட்டி அணையுங்கள். ஏதோ ஒரு புல்லி இறுகி நிற்கிறது. பெல்ட் எந்த நிமிடமும் அறுந்துவிடலாம்.

ஓட்டத்தின் நடுவே கீச்சொலி உச்சத்துக்குப் போய்த் திடீரென்று நின்று, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் பவர் ஸ்டியரிங் உடனே கனத்துப் போகும். பதறாமல் இரு கையாலும் பலம் கொடுத்துத் திருப்பி இடது ஓரம் போங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, நின்றதும் என்ஜினை அணையுங்கள். வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் இன்னும் இரண்டு கி.மீ.தானே என்று தொடராதீர்கள். சிலிண்டர் ஹெட் வளைந்துபோக அந்தத் தூரம் போதும். டோ வண்டிக்குச் சொல்லுங்கள். காத்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.